எஞ்சினுக்குள் போகும் எண்ணெயும் காற்றும்

நமது தோட்டங்களில் இன்று பல லயங்களின் முன்னால் ஒரு முச்சக்கர வண்டியாவது நிற்கிறது. கொழுந்து ஏற்றும் லொறி, டிரக்டர், புல் வெட்டும் மெசின், மருந்தடிக்கும் பம்பு என்று எஞ்சினோடு வேலை செய்கிறவர்களும் நம்மிடையே பலர். வண்டி மக்கர் பண்ணினால் நாம் முதலில் சொல்வது, "எண்ணெய் சரியில்ல, கலப்படம் பண்ணிட்டாங்க" என்பதுதான். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் எஞ்சினுக்குள் எண்ணெயைவிடப் பல மடங்கு அதிகமாகப் போவது காற்று. அதை நாம் கவனிப்பதே இல்லை. இதை நாம் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் ஒரு கராஜில் நின்று தெரிந்துகொண்டோம். அதை வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போய் வடக்கு கிழக்கில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றை நாம் அறிவோம். அப்படி ஒரு குடும்பம் தம்பலகாமத்துப் பக்கம் இருக்கிறது. அவர்களுடைய அண்ணன் மகன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், அறுவடைக் காலத்தில் அங்கே ஓட்டம் அதிகம் கிடைக்கும் என்று சித்தப்பா கூப்பிட்டதால் தன் முச்சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். லீசிங் கட்டி முடியாத வண்டி. இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம் சமதரையிலேயே இழுக்கவில்லை, எஞ்சின் சூடேறியது, பின்னால் நீலப் புகை வந்தது. "பெற்றோல்தான் சரியில்ல சித்தப்பா" என்றான். நாம் அப்போது அங்கே இருந்தபடியால் மூவருமாகக் கராஜுக்குப் போனோம்.

கராஜ்காரர் பெற்றோல் தாங்கியைத் திறந்தும் பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதன் முனை சுண்ணாம்பு பூசினது போல வெள்ளையாக இருந்தது. "தம்பி, பெற்றோலில ஒரு பிழையுமில்ல. காத்துதான் பிழை. நீ மலையில ஓட்டின வண்டிய அப்பிடியே இஞ்ச கொண்டு வந்திருக்காய்" என்றார். அவர் சொன்னது விளங்க வேண்டுமானால் எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிய வேண்டும்.

பெற்றோல் தண்ணீர் மாதிரி இருக்கும்போது எஞ்சினுக்குள் எரியாது. அது ஆவியாகிக் காற்றோடு கலக்க வேண்டும். கலக்கிற அளவும் சரியாக இருக்க வேண்டும். ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. காற்றுக்கு என்ன எடை என்று நினைக்கக் கூடாது. ஒரு லீற்றர் பெற்றோலின் எடை சுமார் 740 கிராம். அதற்கு வேண்டிய காற்று 11 கிலோவுக்குக் கிட்ட. இடத்தைக் கணக்குப் பார்த்தால் 9,000 லீற்றர். அதாவது 200 லீற்றர் எண்ணெய்ப் பீப்பாயில் 45 பீப்பாய் நிறையக் காற்று! நாம் ஒரு லீற்றர் பெற்றோலுக்குக் காசு கொடுக்கிறோம், எஞ்சின் அதோடு 45 பீப்பாய் காற்றையும் குடித்துவிடுகிறது.

அது உள்ளே போகிற விதம் இப்படி. சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்வால்வு திறக்கும், வைத்தியர் ஊசியில் மருந்து இழுப்பது போலக் காற்றும் பெற்றோலும் உள்ளே வரும். அடுத்து வால்வு மூடிப் பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை அமுக்கும். பிளக் பொறி தட்டும், கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். வண்டியை ஓட்டுகிற பலம் இந்த ஒரு தள்ளுதான். கடைசியில் பிஸ்டன் மறுபடி மேலே வந்து புகையை வெளியே அனுப்பும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், செக்கனுக்கு 25 தரம் இந்த மூச்சை எடுக்கிறது. 200 சீசீ வண்டியாக இருந்து ஆக்சிலேற்றரை முழுதும் திருகினால் நிமிடத்துக்கு 300 லீற்றர் வரை காற்று போகும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்கு ஆறேழு லீற்றர்தான் மூச்சு எடுக்கிறான்.

பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுப்பது காபரேற்றர். இதைப் பார்த்தால் பெரிய வித்தை போலத் தெரியும், உள்ளே இருப்பது எளிய சங்கதி. வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரிடத்தில் ஒடுங்கினால் அந்த இடத்தில் தண்ணீர் விரைந்து ஓடும் அல்லவா? காபரேற்றரின் குழாயும் நடுவில் ஒடுங்கியிருக்கும். அங்கே காற்று வேகமாக ஓடும். வேகம் கூடின இடத்தில் அமுக்கம் குறையும். அந்த ஒடுங்கின இடத்தில் ஒரு சிறு துவாரம் திறக்கிறது. அமுக்கம் குறைந்ததால் கீழே கிண்ணத்தில் இருக்கிற பெற்றோல் அதன் வழியாக மேலே இழுபட்டுத் தூறலாகக் காற்றில் கலக்கும். எவ்வளவு பெற்றோல் வரலாம் என்பதைத் தீர்மானிப்பது ஜெட் என்கிற பித்தளைத் திருகு. அதில் உள்ள ஓட்டை ஊசி முனை அளவுதான். கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்க, தண்ணீர்த் தாங்கியில் இருப்பது போன்ற ஒரு மிதவை உண்டு. நாம் ஆக்சிலேற்றரைத் திருகும்போது பெற்றோலைக் கூட்டுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் திறப்பது காற்று வழியை. காற்று கூடினால் அது தனக்கு வேண்டிய பெற்றோலைத் தானே இழுத்துக்கொள்ளும்.

குளிர் காலையில் நமது தோட்டங்களில் சோக் இழுக்காமல் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாது. ஆகையால் காற்றை மறித்து, பெற்றோலைக் கூடுதலாக இழுக்க வைக்கிறோம். எஞ்சின் சூடானதும் சோக்கைத் தள்ளிவிட வேண்டும். மறந்துபோய் ஓட்டினால் கறுப்புப் புகை வரும், பிளக் கரி பிடிக்கும், எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடும்.

இனி அந்தப் பையனின் கதைக்கு வருவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று ஐதாக இருக்கிறது. ஆனால் காபரேற்றருக்கு அது தெரியாது. ஐதான காற்றுக்கும் கிட்டத்தட்டப் பழைய அளவிலேயே பெற்றோலைக் கொடுக்கும். ஆகவே கலவையில் பெற்றோல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். வண்டி கறுப்பாகப் புகைக்கும், எண்ணெய் அதிகம் குடிக்கும். மலைப் பக்கத்துப் பாஸ் இதற்காகச் சிறிய ஓட்டை உள்ள ஜெட்டைப் போட்டுக் கொடுத்திருந்தார். அது சரியான வேலைதான், குறை சொல்ல முடியாது.

அந்த வண்டி தம்பலகாமத்துக்கு இறங்கியது. தம்பலகாமம் குடாக் கடலை ஒட்டிய வயல் பூமி. அங்கே காற்று கனமானது. மலைக்குப் போட்ட சிறிய ஜெட் அங்கே வேண்டிய பெற்றோலைக் கொடுக்காது. பெற்றோல் குறைந்தால் செலவு மிச்சம் என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. பெற்றோல் குறைந்த கலவை மெதுவாக எரியும், சிலிண்டரைச் சூடேற்றும், இழுவை போகும், சில வேளை சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கும். நாளாக நாளாக வெளிவால்வு கருகும், பிஸ்டனே ஓட்டையாகலாம். பிளக் வெள்ளையாக இருந்ததன் காரணம் இதுதான். நல்ல கலவையில் ஓடும் வண்டியின் பிளக் முனை இளம் பழுப்பாக இருக்கும். காய்ந்த கரி பிடித்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. ஈரமாக எண்ணெய் படிந்திருந்தால் ரிங் தேய்ந்து எஞ்சின் ஒயில் மேலே ஏறுகிறது. பிளக்கைக் கழற்ற ஒரு ஸ்பானர் போதும்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் பெற்றோலோடுதான் ஒயிலும் போகிறது. பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துவிடும்.

வெள்ளைப் பிளக்குக்கு ஜெட் மட்டும் காரணமல்ல. கராஜ்காரர் ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பில்டரே இல்லை. "அது அடைச்சிக்கிட்டு ஏத்தத்துல இழுக்கல பாஸ். கழட்டிட்டேன். அதுக்கப்புறம் நல்லா இழுத்துச்சி" என்றான் பையன். நமது தோட்டங்களில் எத்தனையோ பேர் செய்கிற காரியம் இது. பில்டரைக் கழற்றினால் காற்று தடையில்லாமல் போகும், முதலில் வண்டி பறப்பது போலத்தான் இருக்கும். ஆனால் கலவை இன்னும் வறண்டுபோகும். அதோடு தூசியும் போகும்.

அறுவடைக் காலத்தில் தம்பலகாமத்து வயல் பாதையைப் பார்த்தவர்களுக்கு நாம் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நெல் வெட்டும் மெசின் போகிற இடமெல்லாம் பதரும் சுணையும் புழுதியும் மேகம் போல எழும்பும். புழுதியில் இருப்பது பெரும்பாலும் மணல் துகள், அது இரும்பையும் தேய்க்கும். அது ஒயிலோடு கலந்தால், வால்வு தேய்க்கப் பயன்படுத்தும் பசை மாதிரி ஆகிவிடும். இரண்டு வாரத்தில் அந்தப் பையனின் வண்டியில் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. நீலப் புகை அதனால்தான். சிலிண்டர் போர் பண்ணி, பிஸ்டன், ரிங் மாற்ற ஆன செலவு அவனுக்குப் பல மாத லீசிங் கட்டணத்துக்குச் சமம். அறுவடை ஓட்டத்தில் சம்பாதித்ததெல்லாம் அதிலேயே போயிற்று. புது பில்டர் வாங்கியிருந்தால் அதில் மிகச் சிறு பங்குதான் செலவாகியிருக்கும்.

பில்டரைப் பராமரிப்பதில் ஆளுக்கு ஆள் வெவ்வேறு பழக்கம் உண்டு, சிலது தப்பு. கடதாசி பில்டரைப் பெற்றோலிலோ தண்ணீரிலோ கழுவக் கூடாது. மெதுவாகத் தட்டி, காற்று அடிப்பதானால் உள்ளேயிருந்து வெளியே, குறைந்த அமுக்கத்தில் அடிக்க வேண்டும். வெளியேயிருந்து அடித்தால் தூசி இன்னும் ஆழமாகப் புகும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எங்காவது கிழிசல் தெரிந்தால் எறிந்துவிடுங்கள். பஞ்சு பில்டரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் ஒயில் விட்டுப் பிழிந்து போட வேண்டும். ஒயில் இல்லாத பஞ்சில் தூசி நிற்காது.

தம்பலகாமத்து வயலில் உழுகிற இரண்டு சில்லு டிரக்டரை, எந்தக் கம்பனியின் மெசினானாலும், லேண்ட்மாஸ்டர் என்றே சொல்வார்கள். அது டீசல் எஞ்சின். பலவற்றில் ஒயில் கிண்ணம் வைத்த பில்டர் இருக்கும். காற்று உள்ளே போகுமுன் கிண்ணத்து ஒயிலுக்கு மேலாகத் திரும்பும், தூசி ஒயிலில் விழுந்துவிடும். அறுவடையின் போது அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் சேறு போலப் படிந்திருக்கும். அதைக் கொட்டி, துடைத்து, கோடு போட்ட மட்டத்துக்குப் புது ஒயில் விட வேண்டும். கோட்டுக்கு மேலே விடுவதும் ஆபத்து. ஒயிலை எஞ்சின் இழுத்துக்கொள்ளும்.

டீசல் எஞ்சினில் பிளக்கும் இல்லை, காபரேற்றரும் இல்லை. அது வெறும் காற்றை மட்டும் உள்ளிழுத்துப் பதினாறு, இருபது மடங்கு அமுக்கும். அப்படி அமுக்கும்போதே காற்று 500 பாகைக்கு மேல் கொதிக்கும். அந்தக் கொதிக்கும் காற்றில் இன்ஜெக்டர் டீசலைப் பீச்சும், அது தானாகப் பற்றிக்கொள்ளும். ஆகையால் டீசல் வண்டி கரும் புகை கக்கினால், பீச்சிய டீசலுக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். இன்ஜெக்டரைக் கழற்றுமுன் பில்டரைப் பாருங்கள். டீசல் குழாய்க்குள் காற்று புகுந்தால் நேர்மாறான தொல்லை. தாங்கி வற்ற ஓட்டினால் "எயார் பிடிச்சிட்டு" என்பார்கள். பம்பு எவ்வளவு அமுக்கினாலும் காற்றுக் குமிழி சுருங்குமே தவிர டீசல் பீச்சாது. திருகைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை டீசலை வெளியே விட வேண்டும்.

தம்பலகாமம் குடாவை அடுத்துத்தான் சீனக்குடா. அங்கே காட்டுக்குள் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கோடியே இருபது இலட்சம் லீற்றர் அளவு கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் தாங்கியொன்றில் மோதி அது எரிந்துபோயிற்று. அன்றைக்குச் சீனக்குடாவிலிருந்து எதிர்த்துக் கிளம்பியவை ஹரிகேன் விமானங்கள். அவற்றின் மெர்லின் எஞ்சினுக்கும் நம்முடைய ஆட்டோ போல மிதவை வைத்த காபரேற்றர்தான்! விமானி திடீரென்று மூக்கைக் கீழே சாய்த்தால் கிண்ணத்துப் பெற்றோல் மேலே தூக்கிக்கொள்ளும். எஞ்சின் ஒரு கணம் பட்டினி, மறுகணம் பெற்றோல் வெள்ளம். ஜெர்மன் விமானங்கள் பெற்றோலை நேரே பீச்சுகிற முறையில் ஓடியதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற ஆங்கிலேயப் பெண் பொறியியலாளர் 1941இல் ஒரு சிறு துளையுள்ள பித்தளைத் துண்டைப் பெற்றோல் வழியில் போட்டு அந்தக் குறையைப் பெரிதும் சமாளித்தார். மலைச்சரிவில் வண்டியைச் சாய்வாக நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் காபரேற்றர் பெற்றோல் ஒழுக்கியிருப்பதும் இதே மிதவைச் சங்கதிதான்.

இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் காபரேற்றர் இல்லை. உள்ளே போகிற காற்றின் அமுக்கத்தையும் சூட்டையும் உணர்கருவிகள் பார்த்துச் சொல்ல, சிறு கம்பியூட்டர் ஒன்று இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவு செய்கிறது. மலையா, கடற்கரையா என்று அதற்குத் தெரியும், ஜெட் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பில்டர் அதற்கும் வேண்டும். தாங்கிக்குள் பெற்றோல் பம்பு இருக்கிற வண்டியில் அந்தப் பெற்றோலே பம்பைக் குளிர வைப்பதால், தாங்கி வற்ற ஓட்டுவதும் கூடாது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி வழி திறந்தது. ஆகையால் நம்மவர் கையில் இருப்பவை பெரும்பாலும் பழைய காபரேற்றர் வண்டிகள். அவற்றைத்தான் காப்பாற்ற வேண்டும்.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. அங்கே மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெயில் போவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூட்டில்தான் ஆவியாகும் என்பதே அதன் இரகசியம். அந்தப் பழைய எஞ்சின்கள் கலவையைக் குறைவாக அமுக்குபவை, அதனால் தாங்கின. இன்றைய வண்டிகள் ஒன்பது மடங்குக்கு மேல் அமுக்குகின்றன. அதில் மண்ணெண்ணெய் கலந்தால் நேரத்துக்கு முன்பே பற்றி, கட கட என்று தட்டும். எரியாத மிச்சம் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதைத் தண்ணீராக்கும்.

2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறி, கியூஆர் முறையில் முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் என்று வந்தபோது மண்ணெண்ணெய் கலந்தவர்களை நாம் திட்ட மாட்டோம். வயிற்றுப்பாடு. அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போய்விட்டது. ஆனால் அப்படி ஓட்டிய வண்டி இன்னும் கையில் இருந்தால் ஒயிலை மாற்றி, காபரேற்றர் கிண்ணத்தைக் கழுவி, பிளக்கைப் பாருங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடவே செய்த எஞ்சின் வேறு. வயலுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் இறைக்கும் பம்பு அப்படிப்பட்டது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துமுன் சில நிமிடம் மறுபடி பெற்றோலில் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி அடுத்த நாள் எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது என்று பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் செத்த சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. அது போலவே லயத்துக்குள் வைத்துக் காபரேற்றர் கழுவாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த காம்பிரா அடுப்புவரை போகும்.

தம்பலகாமத்துக் கராஜில் அந்த வண்டி நான்கு நாள் நின்றது. சிலிண்டர் வேலை முடிந்தபின் கராஜ்காரர் பெரிய ஜெட்டைப் போட்டு, புது பில்டர் வைத்து, பெட்டியின் ஓரத்து ரப்பர் வெடித்திருந்ததையும் மாற்றினார். ரப்பர் சரியாக மூடாவிட்டால் பில்டரைச் சுற்றிக்கொண்டு தூசி போய்விடுமாம். கழற்றிய சிறிய ஜெட்டை ஒரு துணியில் சுற்றிப் பையனின் கையில் கொடுத்தார். "மலைக்குப் போகக்குள்ள இத மறுபடி போடு தம்பி, எறிஞ்சிடாத" என்றார். சித்தப்பா அதை வாங்கி ஒரு காலி மருந்துக் குப்பியில் போட்டு, வண்டியின் டூல் பெட்டிக்குள் வைத்தார்.